படகு இருக்கிறதா, மாப்பிள்ளை?

விருத்தாசலம்
14.9.2003

அன்புள்ள மாப்பிள்ளை பரக்கத்துல்லா அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

மங்கலம்பேட்டை வீட்டில் அம்மாவும் தங்கச்சி ஷமீனாவும் பிள்ளையும் சுகம். பிள்ளைக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அத்தாவிடம் சொல்லக் கூடாது என்று எங்களுக்கெல்லாம் உத்தரவு போட்டிருக்கிறாள். அதனால் உங்களுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை போனில் நீங்கள் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. படகு என்றீர்கள். உங்கள் அரபு முதலாளி, நீங்கள் அரபாப் என்பவர், ஒரு சின்னப் படகு வாங்கி உங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறார், அதில் வெள்ளைக்காரர்களைக் கூட்டிப்போய் டால்பின் காட்டுகிறீர்கள் என்றீர்கள். பேட்டரி இரண்டு வைக்க வேண்டும், படம் வரைந்து அனுப்புங்கள் மச்சான் என்றீர்கள். பக்கத்தில் நின்ற ஷமீனாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அப்படி உடனே சிரிப்பு வரவில்லை.

கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். முதல் தடவை மஸ்கட் போனபோது சூப்பர் மார்க்கெட்டில் சூப்பர்வைசர் என்று எழுதினீர்கள். நானும் பள்ளிவாசலில், கடையில், பஸ்ஸில், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும் சூப்பர்வைசர் என்று சொல்லித் திரிந்தேன். ஒன்றரை வருஷம் கழித்துத்தான் அங்கே தள்ளுவண்டிகளை அடுக்கி வைக்கிற வேலை என்று தெரிந்தது. வண்டி அடுக்குவதில் ஒரு கேவலமும் இல்லை. நான் பத்தொன்பது வருஷமாக லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து ஒயர் இழுத்துதான் சம்பாதிக்கிறேன். ஆனால் சொன்னவர் நீங்கள், ஊர் முன்னால் தலை குனிந்தவன் நான்.

படகில் கை வைத்துக்கொண்டு நிற்கிற போட்டோவும் வந்து சேர்ந்தது. இந்த ஊரில் பாதி வீட்டுச் சுவர்களில் அடுத்தவன் காரில் சாய்ந்துகொண்டு நிற்கிற போட்டோ மாட்டியிருக்கிறது. ஆகவே அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

படம் வரைய வேண்டுமென்றால் எனக்குச் சில விவரங்கள் வேண்டும். படகு மரமா, இரும்பா, பைபரா? இன்ஜின் எந்த இடத்தில்? இப்போது இருக்கிற பேட்டரி எங்கே உட்கார்ந்திருக்கிறது? அதிலிருந்து என்னவெல்லாம் ஓடுகிறது? ஒன்று விடாமல் எழுதுங்கள். எப்போதும் போலக் கடை விலாசத்துக்கே போடுங்கள். நான் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பாடு முடிந்ததும் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு
முகம்மது அஷ்ஃபாக்


மத்ரா, மஸ்கட்
2.10.2003

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, வஅலைக்கும் ஸலாம்.

உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். சூப்பர்வைசர் விஷயத்தை நீங்கள் மறக்க மாட்டீர்கள் என்று தெரியும். நானும் மறக்கவில்லை. கல்யாணமாகி மூன்றே மாதத்தில் வந்தவன், ஷமீனாவிடம் தள்ளுவண்டி என்று எழுதக் கூச்சமாக இருந்தது. அதற்குப் பிறகு உங்களிடம் ஒரு பொய்யும் சொன்னதில்லை.

கேட்ட விவரங்கள் இதோ. படகு பைபர். இருபத்து நான்கு அடி. புதிதல்ல, முன்னே ஒரு மீன்காரர் வைத்திருந்தது. இன்ஜின் பின்பக்கம் வெளியே மாட்டியிருக்கிறது, சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகும். பேட்டரி ஒன்றுதான், ஓட்டுகிறவன் உட்காரும் பலகைக்கு அடியில் பெட்டிக்குள் இருக்கிறது. இன்ஜின் ஸ்டார்ட், இரண்டு லைட்டு, ஒரு டேப், படகுக்குள் சேர்கிற தண்ணீரை வெளியே இறைக்கிற சின்னப் பம்பு எல்லாமே அந்த ஒன்றிலிருந்துதான்.

இரண்டு பேட்டரி ஏன் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். டால்பின் வருகிற இடத்தில் இன்ஜினை நிறுத்திவிட வேண்டும், சத்தம் இருந்தால் அவை கிட்டே வராது. போன மாதம் அப்படி நிறுத்திவிட்டு முக்கால் மணி நேரம் பாட்டும் பம்பும் ஓடியதில், திரும்பச் சாவி போட்டால் இன்ஜின் எடுக்கவில்லை. டிக் டிக் என்று சத்தம் வருகிறது, சுற்ற மாட்டேன் என்கிறது. இன்னொரு படகுக்காரன் கயிறு கட்டி இழுத்து வந்தான். வந்திருந்தவர்கள் கை தட்டிச் சிரித்தார்கள். அரபாப் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் படகை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

மச்சான், படகு என் கையில் இருந்தால்தான் அவர் ஷமீனாவுக்கும் பிள்ளைக்கும் விசா எடுத்துத் தருவார். இரண்டு அறை உள்ள வீடும் பேசி வைத்திருக்கிறேன். ஏழு வருஷத்தில் அவளோடு நான் இருந்தது எல்லாம் சேர்த்தால் பத்து மாதம் வராது. அதனால்தான் கேட்கிறேன். படத்தைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

பிள்ளைக்குப் பல் விழுந்தது எனக்குத் தெரியாது.

உங்கள்
பரக்கத்துல்லா


விருத்தாசலம்
20.10.2003

மாப்பிள்ளைக்கு ஸலாம்.

உங்கள் கடிதத்தைக் கூடத்தில் வாசித்தேன். பத்து மாதம் என்ற இடம் வந்ததும் அம்மா கண்ணைத் துடைத்தார்கள், என் வீட்டுக்காரி எழுந்து உள்ளே போய்விட்டாள், ஷமீனா மடியில் இருந்த பிள்ளையின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தாள். எதிர் வீட்டு மாமிகூட வந்திருந்தார்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். நன்றாக எழுதுகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் பயம்.

கருவேப்பிலங்குறிச்சி கொளஞ்சியப்பனை உங்களுக்குத் தெரியும், மஸ்கட்டில் சென்ட்ரிங் வேலை. லீவில் வந்தவர் கடைக்கு வந்து டீ குடித்தார். உங்களைப் பற்றி நானாகத்தான் விசாரித்தேன். "பரக்கத்தா? துறைமுகத்தாண்ட பாத்தேங்க. பக்கெட்டும் கையுமா படகைக் கழுவிக்கினு இருந்தாரு," என்றார். யாருடைய படகு என்று கேட்டேன். அது தெரியாது என்றார். இதை நான் வீட்டில் சொல்லவில்லை.

படம் இத்துடன் இருக்கிறது. கொளஞ்சியப்பன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். கூடவே ஒரு பெட்டியில் நம்மூர் பீங்கான் பியூஸ் கட்டை நான்கு, வைக்கோல் சுற்றி வைத்திருக்கிறேன். சிட்கோ பீங்கான் பட்டறைக்கு லோடு ஏற்றப் போகிற லாரிக்காரரிடம் சொல்லி, பொறுக்கி எடுத்த சரக்கு.

விஷயம் இவ்வளவுதான். ஒன்றாம் பேட்டரி இன்ஜினை ஸ்டார்ட் செய்ய மட்டும். லைட்டு, டேப், பம்பு மூன்றும் இரண்டாம் பேட்டரியில். நடுவில் ஒரு திருகு சுவிட்ச். அதை ஒன்றில் வைத்தால் ஒன்றாம் பேட்டரி, இரண்டில் வைத்தால் இரண்டாவது, நடுவில் வைத்தால் இரண்டும். இன்ஜின் ஓடும்போது நடுவில் வையுங்கள், இரண்டும் சார்ஜ் ஏறும். இன்ஜினை நிறுத்தியதும் ஒன்றுக்குத் திருப்பிவிடுங்கள். பாட்டு எவ்வளவு நேரம் பாடினாலும் ஒன்றாம் பேட்டரி தீராது, திரும்பி வர இன்ஜின் எடுக்கும்.

ஒன்றை மட்டும் கவனமாகக் கேளுங்கள். படத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். ஒரு ஒயர் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பத்து நாள் ஓட்டிவிட்டு, மூன்று நாள் காலையில் இரண்டாம் பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்த்து எத்தனை வோல்ட் என்று எழுதுங்கள். எப்படி ஓடுகிறது என்பதையும் எழுதுங்கள்.

அஷ்ஃபாக்


மத்ரா
18.11.2003

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு, நோன்பின் பரக்கத் எல்லோருக்கும் கிடைக்க துஆ செய்கிறேன்.

பெட்டி பத்திரமாக வந்தது. பீங்கான் ஒன்றுகூட உடையவில்லை. இங்கே உப்புக் காற்றில் பித்தளையெல்லாம் ஒரே வாரத்தில் பச்சை பூத்துவிடுகிறது, பீங்கான் மட்டும் வெள்ளை மாறாமல் இருக்கிறது. பார்க்கிறவர்கள் எந்த ஊர்ச் சரக்கு என்று கேட்கிறார்கள்.

உங்கள் படப்படி போன மாதம் 30ஆம் தேதியே எல்லாம் போட்டாயிற்று. அருமையாக ஓடுகிறது. ஒரு குறையும் இல்லை. நீங்கள் கேட்ட மீட்டர் கணக்கு: முதல் நாள் 12.6, அடுத்த நாள் 12.5, மூன்றாம் நாள் 12.6. அரபாப்பிடம் என் மச்சான் போட்ட படம் என்று சொன்னேன்.

சந்தோஷமான செய்தி. விசா கைக்கு வந்துவிட்டது. தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். பிப்ரவரி முடிவதற்குள் ஷமீனாவும் பிள்ளையும் இங்கே வந்து இறங்கிவிட வேண்டும், தவறினால் செல்லாது, அரபாப் திரும்ப எடுத்துத் தர மாட்டார். மெட்ராஸ் வரைக்கும் நீங்கள் கொண்டுவந்து விட்டால் போதும். பெருநாள் கழிந்ததும் டிக்கெட் பார்க்கலாம்.

பரக்கத்துல்லா


விருத்தாசலம்
6.12.2003

பரக்கத்துல்லா அவர்களுக்கு,

நீங்கள் ஒரு பொய்யை எழுதி அனுப்பிவிட்டீர்கள், அதற்கு நானே சாட்சி.

விளக்கமாகவே சொல்கிறேன். லாரியில் பேட்டரியின் கருப்பு ஒயரைத் தனியாக இழுக்க வேண்டியதில்லை. இரும்பு பாடியில் ஒரு போல்ட்டில் முடுக்கிவிட்டால் பாடியே எர்த்து. பைபர் படகில் அது நடக்காது. இரண்டு பேட்டரிகளின் கருப்பு முனைகளையும் ஒரு ஒயரால் சேர்த்தே ஆக வேண்டும். சேர்க்காவிட்டால் இரண்டாம் பேட்டரிக்குச் சார்ஜே ஏறாது. நாலைந்து நாளில் லைட்டு மங்கி, ஒரு வாரத்தில் செத்துப்போகும். நான் உங்களுக்கு அனுப்பிய படத்தில் அந்த ஒயர் இல்லை. மறந்துபோய் விட்டதல்ல. வேண்டுமென்றேதான் விட்டேன்.

படகு என்று ஒன்று இருந்து, நீங்கள் என் படத்தைப் போட்டிருந்தால், லைட்டு போய்விட்டது மச்சான், பேட்டரி தீர்ந்துவிட்டது மச்சான் என்று எனக்கு எழுதியிருப்பீர்கள். அந்தக் கடிதத்துக்குத்தான் காத்திருந்தேன். வந்திருந்தால் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். வந்தது என்ன? ஒரு குறையும் இல்லை, அருமையாக ஓடுகிறது, 12.6. செத்துக் கிடக்க வேண்டிய பேட்டரி 12.6 காட்டுகிறது என்றால் அந்தப் பேட்டரி உங்கள் பேனாவில்தான் இருக்கிறது.

கொளஞ்சியப்பனும் கடிதம் போட்டிருக்கிறார். பெட்டியை மத்ரா பஸ் நிற்கிற இடத்துக்கே வந்து வாங்கிக்கொண்டீர்களாம். படகைக் காட்டுங்கள் என்று அவர் கேட்டதற்கு இன்னொரு நாள் பார்க்கலாம் என்றீர்களாம்.

வீடு என்று எதைக் காட்டப்போகிறீர்கள்? என் தங்கச்சியை அங்கே கொண்டுபோய் எவன் வாசலில் நிறுத்தப்போகிறீர்கள்? அத்தா மௌத்தாகும்போது அவளை என் கையில்தான் ஒப்படைத்தார். விசா காகிதம் என் பீரோவில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். கூடத்தில் எல்லோர் முன்னாலும் ஷமீனாவிடம் சொல்லிவிட்டேன், படகு இல்லை என்று. அவள் பெட்டியில் அடுக்கிய துணிகளை எடுத்து மறுபடியும் கொடியில் போட்டாள்.

இனி வெள்ளிக்கிழமை போன் செய்ய வேண்டாம்.

அஷ்ஃபாக்


மத்ரா
27.12.2003

மச்சான்,

மூன்று வெள்ளிக்கிழமை போன் செய்தேன். மூன்றிலும் எடுத்தது நீங்கள், ஹலோ சொல்லாமல் வைத்ததும் நீங்கள். ஆகவே எழுதுகிறேன். இதையும் கூடத்தில் வாசிப்பீர்களோ, அடுப்பில் போடுவீர்களோ, உங்கள் இஷ்டம்.

உங்கள் படத்தைப் போட்டு ஏழாம் நாள், ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனேன். புருஷன், பெண்சாதி, சின்னப் பிள்ளைகள் இரண்டு, ஒரு வயதான அம்மா. டால்பின் வந்தது. இன்ஜினை நிறுத்தினேன். பிள்ளைகள் ஒரே கூத்து. கொஞ்ச நேரத்தில் பம்பு சத்தம் நின்றுவிட்டது, நான் கவனிக்கவில்லை. அந்த வயதான அம்மாதான் நனைந்த செருப்பைத் தூக்கிக் காட்டினார்கள். படகின் அடியில் ஒரு பழைய விரிசல் இருக்கிறது, எத்தனை தடவை அடைத்தாலும் கசியும், பம்பு ஓடுகிற வரைக்கும் தெரியாது. அன்றைக்குக் கணுக்கால் வரைக்கும் தண்ணீர். கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இல்லை.

சாவி போட்டேன், அல்லாஹ் காப்பாற்றினான், ஒன்றாம் பேட்டரியில் இன்ஜின் எடுத்தது. சுவிட்சை நடுவில் வைத்தேன். பம்பு அப்போதும் ஓடவில்லை. எண்ணெய் கேனைக் கத்தியால் அறுத்து அந்த மனிதர் கையில் கொடுத்தேன். அவர் இறைக்க இறைக்க நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு விளையாட்டாக இருந்தது.

ஆட்களை இறக்கிவிட்ட பிறகு, உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சுவிட்சை இரண்டில் வைத்துச் சாவி போட்டேன். முன்பு பேட்டரி தீர்ந்தபோது டிக் டிக் என்றதே, அந்தச் சத்தம்கூட இல்லை. சாவியே போடாதது மாதிரி ஒரேயடியாக அமைதி. அப்போதுதான் புரிந்தது, பேட்டரி தீர்ந்தது மட்டுமல்ல, அது இன்ஜினோடு சேரவே இல்லை என்று. கருப்பு ஒயர் ஒன்று வாங்கி இரண்டையும் சேர்த்தேன். தொட்டதும் பொறி பறந்து மணிக்கட்டு ரோமம் கருகியது. அதற்குப் பிறகு 12.6 தான், மச்சான். என் பேனாவில் இல்லை, படகில்.

ஏன் எழுதவில்லை என்று கேட்பீர்கள். என் கடிதம் எங்கே வாசிக்கப்படுகிறது என்று எனக்குத் தெரியும். அம்மா இருப்பார்கள், உங்கள் வீட்டம்மா இருப்பார்கள், எதிர் வீட்டு மாமி இருப்பார்கள். மச்சான் போட்ட படம் தப்பு, ஐந்து உயிர் போகப் பார்த்தது என்று நான் எழுதி, அதை உங்கள் வாயாலேயே அந்தக் கூடத்தில் உங்களை வாசிக்க வைப்பதா? விருத்தாசலத்தில் லாரிக்காரர்கள் தேடி வருகிற கை உங்களுடையது. இரும்பு பாடியிலேயே வேலை செய்து பழகியவர், பைபருக்கு ஒயர் வேண்டும் என்பது ஞாபகம் வரவில்லை என்று நானே நினைத்துக்கொண்டேன். தெரியாமல் விட்டது என்று நினைத்ததால் மூடி வைத்தேன். தெரிந்தே விட்டீர்கள் என்று நீங்களே எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை.

கொளஞ்சியப்பன் வந்த அன்று படகு கரையில் கவிழ்த்துக் கிடந்தது, அந்த விரிசலை அடைக்க மருந்து பூசிக்கொண்டிருந்தோம். அதைக் காட்டியிருந்தால் ஓட்டைப் படகு என்று ஊரில் போய்ச் சொல்லியிருப்பார். அவர் முன்பு பார்த்ததும் உண்மைதான். தினமும் உப்பு போகக் கழுவுகிறேன். என் படகை நான்தானே கழுவ வேண்டும்?

பிப்ரவரி முடிய இரண்டு மாதம் இருக்கிறது. முடிவு உங்கள் பீரோவில் இருக்கிறது.

பரக்கத்துல்லா


விருத்தாசலம்
18.1.2004

மாப்பிள்ளை,

உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைக் கடையில் படித்ததும் முதலில் எனக்கு வந்தது வருத்தமில்லை. கதை நன்றாகக் கட்டியிருக்கிறீர்கள் என்றுதான் தோன்றியது. என் புத்தி அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது.

உங்களைப் பொய்யன் என்று நிரூபிக்க, கடையில் ஒரு பலகை மேல் இரண்டு பேட்டரியை வைத்தேன். ஒரு லாரி ஸ்டார்ட்டரைக் கீழே வைத்துக் கட்டினேன். திருகு சுவிட்ச் வைத்தேன். கருப்பு ஒயரை விட்டுவிட்டேன். தீர்ந்துபோன பேட்டரி டிக் டிக் என்னும், பத்தொன்பது வருஷமாகக் கேட்கிற சத்தம். பொய் சொல்கிறவன் அதைத்தான் எழுதுவான், நானாக இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். சுவிட்சை இரண்டில் வைத்துச் சாவியைத் திருப்பினேன். ஒரு சத்தமும் இல்லை. இன்னொரு தடவை திருப்பினேன். இல்லை. லாரியில் எனக்கு அப்படி ஒன்று நேர்ந்ததே கிடையாது, ஏனென்றால் லாரியில் பாடி இருக்கிறது. படகில் உட்கார்ந்து சாவியைத் திருப்பியவனுக்குத்தான் அது தெரியும். நீங்கள் எழுதியது அத்தனையும் உண்மை என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது.

லைட்டு மங்கினால் என்ன ஆகும், ஓரமாக நிறுத்திக்கொள்வீர்கள் என்று நினைத்துத்தான் அந்த ஒயரை விட்டேன். கடலில் ஓரம் ஏது? பம்பு அதில்தான் ஓடுகிறது என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள், அதை இரண்டாம் பேட்டரியில் மாட்டச் சொல்லி வரைந்ததும் என் கைதான். இருந்தும் உறைக்கவில்லை. அந்தச் சின்னப் பிள்ளைகளை நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. தப்பு செய்துவிட்டேன், மாப்பிள்ளை. என்னை மன்னியுங்கள். இதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தை வீட்டுக்கு எடுத்துப்போனேன். சில இடங்களை விட்டுவிட்டு வாசிக்கலாம் என்ற எண்ணம் இருந்தது, மறைக்க மாட்டேன். இரண்டு வரியோடு நிறுத்திவிட்டேன். ஷமீனா எழுந்து வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் உங்கள் கடிதத்தை அவள் தன் கையில் வைத்துப் படித்தது அதுதான் முதல் தடவை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வாய்விட்டு வாசிக்கவில்லை. தனக்குள்ளேயே படித்தாள். அம்மா என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நான் செய்ததை அம்மாவிடமும் மற்றவர்களிடமும் நானே சொன்னேன். எதிர் வீட்டு மாமியையும் போகச் சொல்லவில்லை. ஷமீனா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். "படம் போட்டு ஏழாம் நாளுன்னு எழுதியிருக்காரே, அது எந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னாடிண்ணே?" என்று மட்டும் கேட்டாள். எதற்குக் கேட்டாள் என்று தெரியவில்லை. காலண்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொன்னேன். சரி என்றாள். கொடியில் கிடந்த துணியை எடுக்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி பதினொன்றாம் தேதி மெட்ராஸில் நானே கொண்டுவந்து ஏற்றிவிடுகிறேன்.

அஷ்ஃபாக்


மத்ரா
24.2.2004

மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இருவரும் நல்லபடியாக வந்து சேர்ந்தார்கள். போனில் சொன்னதுதான், எழுத்திலும் இருக்கட்டும். நீங்கள் கொடுத்தனுப்பிய ஊறுகாய் உடையாமல் வந்தது. பிள்ளைக்கு முன்பல் முளைத்திருக்கிறது, என்னிடம் காட்ட வாயை மூடவே இல்லை.

நீங்கள் கேட்ட மன்னிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கோபம் நிறைய இருந்தது. உங்கள் கடிதம் வந்த பிறகு பாதி போனது. ஏர்போர்ட்டில் பிள்ளையைத் தூக்கியதும் மீதியும் போய்விட்டது. தங்கச்சிக்காகச் சந்தேகப்பட்டீர்கள். என் பிள்ளை வளர்ந்து அவளை ஒருவன் கடல் தாண்டிக் கூப்பிட்டால் நான் என்ன செய்வேனோ தெரியாது. மன்னித்துவிட்டேன். மனதில் வைக்க வேண்டாம்.

ஆனால் இன்னொன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஷமீனா ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லவில்லை. முதலில் படகு என்றாள். பெட்டியும் கையுமாகக் கூட்டிப்போனேன். பலகையைத் தூக்கச் சொன்னாள். இரண்டு பேட்டரியையும் நான் சேர்த்த கருப்பு ஒயரையும் குனிந்து பார்த்தாள், விரலால் தொட்டும் பார்த்தாள். மறுநாள் காலையில் இருவரையும் கடலுக்குக் கூட்டிப்போனேன். டால்பின் மூன்று வந்தன. பிள்ளை கத்திய கத்தலில் அவையே பயந்திருக்கும். ஷமீனாவும் சிரித்தாள். எனக்கு ஏழு வருஷக் கஷ்டமும் அன்றோடு தீர்ந்த மாதிரி இருந்தது. திரும்பி வந்து கயிற்றைக் கட்டும்போது, விளையாட்டாகத்தான், இப்போது நம்புகிறாயா என்று கேட்டேன்.

அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதுகிறேன். "படகு இருக்குது. கண்ணால பாத்துட்டேன். ஆனா அன்னைக்கு வெள்ளிக்கிழமை போன் பண்ணி, எல்லாம் நல்லா ஓடுதுன்னு சொன்னீங்க. அதுக்கு முந்தா நாளுதான் கணுக்கால் வரைக்கும் தண்ணி ஏறியிருக்குது. அண்ணனுக்கு மரியாதை போயிடக் கூடாதுன்னு கடிதாசில மறைச்சீங்க, சரி. என்கிட்ட என்னத்துக்கு மறைச்சீங்க? நீங்க முழுகிப்போயிருந்தா நான் நல்லா ஓடுதுன்னு சந்தோஷமா இருந்திருப்பேன்."

போனில் பக்கத்தில் எல்லோரும் நின்றார்களே என்றேன். "எப்பவும்தான் எல்லாரும் நிக்கிறாங்க," என்றாள். பிறகு சொன்னாள்: "அண்ணன் உங்களைச் சோதிச்சாரு. நீங்க அண்ணனைக் காப்பாத்துனீங்க. படகு இல்லன்னாரு, துணியை வெளிய எடுத்தேன். இருக்குதுன்னாரு, உள்ள வெச்சேன். யாரும் என்கிட்ட ஒண்ணும் கேக்கல. இனிமே நீங்க நல்லா இருக்குதுன்னு சொன்னா, நான் பலகையைத் தூக்கிப் பாக்காம நம்ப மாட்டேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பிள்ளைக்குத் தலை துவட்டினாள். நான் ரொம்ப நேரம் கயிற்றைக் கட்டிக்கொண்டே இருந்தேன்.

அன்றிலிருந்து நான் கடலிலிருந்து வந்ததும் எப்படி இருந்தது என்று கேட்கிறாள். நானும் ஒன்று விடாமல் சொல்கிறேன். கேட்டுக்கொள்கிறாள், சோறு போடுகிறாள். மறுநாள் நான் எழுவதற்கு முன்னால் அவள் துறைமுகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள் என்று பக்கத்துப் படகுக்காரன் சொன்னான்.

நான் என் பங்கைச் சரி செய்யப் பார்க்கிறேன். உங்கள் பங்கை நீங்கள்தான் சரி செய்ய வேண்டும். இனி எனக்கு எழுத வேண்டாம், மச்சான். அவளுக்கு எழுதுங்கள். உறை மேல் அவள் பெயரைப் போடுங்கள். நான் பிரிக்க மாட்டேன், என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவும் மாட்டேன், அப்படியே அவள் கையில் கொடுத்துவிடுவேன். இதையாவது நீங்கள் நம்ப வேண்டும்.

பரக்கத்துல்லா